ஓய்வுக்குப் பிறகு மலைநாட்டில் பழைய கார் திருத்தும் நடமாடும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்ட வேர்க்‌ஷொப், பஸ் டிப்போ, டவுன் கராஜ் என்று காலமெல்லாம் ஸ்பெனர் பிடித்துவிட்டு ஓய்வுக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நானும் ஒரு தோட்ட வேர்க்‌ஷொப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்தான். இப்போது ஹட்டனைச் சுற்றியும், சில நாள் நுவரெலியா, வெலிமடை வரைக்கும் போய், பழைய கார்களை அவை நிற்கும் இடத்திலேயே திருத்திக் கொடுக்கிறேன்.

மலைநாட்டில் இதற்கு அவ்வளவு வேலை இருக்கிறதா?

இருக்கிறது. மொரிஸ் மைனர் 1948-இல் வந்து 1972 வரை தயாரிக்கப்பட்ட கார். டாக்டர்மார், ஆசிரியர்மார், தோட்டத்துத் துரைமார், டவுன் கடை முதலாளிமார் என்று மலைநாட்டில் அதை வாங்காத ஆட்கள் இல்லை. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், வொக்ஸ்வேகன், மினி, லேண்ட் ரோவர் எல்லாம் அதோடு சேர்ந்து வந்தவை. 1970-களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992-இல் நிர்வாகத்தைத் திரும்பக் கம்பெனிகளிடம் கொடுத்தது. அப்படிக் கை மாறிய நேரங்களில் பங்களா ஷெட்டிலேயே தங்கிவிட்ட வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025-இல்தான். அந்த ஐந்து வருடத்தில் பழைய காரை இரும்புக்கு எடை போட நினைத்தவர்கள்கூடத் திருத்தத் தொடங்கினார்கள். இன்றைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர், "அப்பாவுடைய கார், எப்படியாவது ஓட வைக்கணும் ஐயா" என்று சொல்கிறவர்கள். அந்த வார்த்தையைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அவர்கள் கேட்பது கார் வேலை மட்டுமில்லை, கவனமும் கேட்கிறார்கள்.

சொந்தமாக ஒரு கராஜ் போட்டால் ஆகாதா? ஏன் அலைய வேண்டும்?

மலைநாட்டில் மட்டமான இடம் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் மெயின் ரோட்டோரம் வாடகை கட்டி முடியாது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. பல வருடம் நின்ற ஒரு கார், அதன் பிரேக் எப்படி என்று யாருக்கும் தெரியாது. அதைத் தோட்டத்து ரோட்டில் இறக்கி, கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிக்கொண்டு என் கராஜுக்கு வரச் சொல்ல எனக்கு மனம் வராது. கார் மலையிறங்கி மெக்கானிக்கிடம் வருவதைவிட மெக்கானிக் மலையேறிப் போவது எல்லாருக்கும் பாதுகாப்பு. இந்த வேலைக்கு நான் சொல்லும் நியாயம் இதுதான்.

எந்த வண்டியில் போவது? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

டிமோ பட்டா என்ற சின்ன லொறி வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சின்ன வேன் ஒன்று வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சாமான் நனையாது, கதவைத் திறந்துவைத்து அதன் கீழேயே காபரேட்டரைக் கழற்றிப் பிரிக்கலாம். நான்கு சில்லு இழுக்கும் வண்டிதான் வேண்டும் என்றில்லை. நல்ல டயரும் நல்ல ஹேண்ட்பிரேக்கும் இருந்தால் போதும்.

ஸ்பெனர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மைனரிலும் மினியிலும் பெரும்பாலும் இஞ்ச் அளவு. அதைவிடப் பழைய இங்கிலீஷ் வண்டிகளில் விட்வேர்த் என்ற பழைய மரை அளவு, ஆரம்பகால லேண்ட் ரோவரில் கலப்படம். வொக்ஸ்வேகனில் மில்லிமீட்டர். அரை இஞ்ச் நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பெனர் போட்டால் ஏறத்தான் செய்யும். ஆனால் அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். துருப்பிடித்த நட்டில் அந்தச் சின்ன இடைவெளி போதும், மூலை உருண்டுவிடும். பிறகு அரை நாள் வேலை. மூன்று செட்டையும் மூன்று நிறப் பெயின்ட் அடித்துப் பிரித்து வையுங்கள்.

மற்றபடி ஃபீலர் கேஜ், டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், கொம்ப்ரஷன் கேஜ், கிரீஸ் கன், நல்ல ஜேக் ஸ்டேன்ட் நான்கு, மரக்கட்டைகள், தீயணைக்கும் கருவி, ஐந்து லீற்றர் சுத்தமான தண்ணீர். வரப்போகும் வண்டியைக் கேட்டுக்கொண்டு பொயின்ட், கொண்டென்சர், பிளக், ஃபேன் பெல்ட் எடுத்துப் போங்கள். தோட்டத்துக்குள் போன பிறகு ஒரு கொண்டென்சருக்காகத் திரும்ப டவுனுக்கு இறங்கினால் அன்றைய கூலி அதிலேயே போய்விடும்.

புறப்படுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

வட்ஸ்அப்பில் மூன்று படம்: எஞ்சின், டாஷ்போர்ட், கார் நிற்கும் இடம். மூன்றாவது படம்தான் முக்கியம். நிலம் சாய்வா, மண்ணா, சிமெந்தா என்று அதில் தெரியும். ஸ்டார்ட் பண்ணும் சத்தத்தை வொய்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரி இறங்கிய சத்தமும், பேட்டரி நன்றாக இருந்து பெற்றோல் வராத சத்தமும் வேறு வேறு என்பது உங்கள் காதுக்குத் தெரியும்.

கொழும்பில் நன்றாக ஓடிய கார் நுவரெலியாவுக்கு வந்ததும் இழுக்கவில்லை, கறுப்புப் புகை போடுகிறது. என்ன கோளாறு?

பெரும்பாலும் கோளாறே இல்லை, உயரம்தான். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு. காபரேட்டர் பழைய கணக்கிலேயே பெற்றோலை விடுகிறது, அதற்கு ஈடான காற்று இல்லை. பெற்றோல் கூடிப்போகும், பிளக் கரி பிடிக்கும், பலம் குறையும். எப்படி டியூன் பண்ணினாலும் அந்த இழந்த பலம் முழுக்கத் திரும்பாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மைனர், மினி போன்றவற்றில் இருக்கும் எஸ்.யூ. காபரேட்டரில் இதைப் பார்ப்பது சுலபம். முதலில் பொயின்ட் இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தவ், குளிர்ந்த எஞ்சினில் டெப்பட், அதாவது வால்வு இடைவெளி, 12 தவ் என்று சரி பார்த்துவிடுங்கள். அது சரியில்லாமல் காபரேட்டரைத் தொடக் கூடாது. மேலே உள்ள டேம்பரில் ஒயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஸ்லோவில் ஓடவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனைக் கொஞ்சமே கொஞ்சம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே தடுமாறி நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், இறக்கினால் கூடும். ஆறு பக்கமுள்ள நட், ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் பிஸ்டனைத் தூக்கிப் பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்தக் கார் எங்கே குடியிருக்கிறது என்று கேட்காமல் நட்டைத் திருப்பாதீர்கள். நுவரெலியாவிலேயே இருக்கும் கார் என்றால் அங்குள்ள காற்றுக்கு வைக்கலாம். லீவுக்கு வந்த கொழும்புக் கார் என்றால் தொடாமல் விடுவதே நல்லது, இல்லையென்றால் ஊருக்குப் போனதும் திரும்ப வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மலைக்கு வைத்த கணக்கோடு அது கீழே இறங்கினால் பெற்றோல் போதாமல் சூடாகி, காலப்போக்கில் வால்வு கருகும்.

ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புது ரேடியேட்டர் போட்டாலும் கொதிக்கும். ஆகவே முதலில் மூடி, அடுத்து ஃபேன் பெல்ட் இறுக்கம், அடுத்து தெர்மொஸ்டாட், அடுத்து இக்னிஷன் டைமிங். கடைசியாகத்தான் ரேடியேட்டர். கினிகத்தேனை ஏற்றத்திலோ ரம்பொடை ஏற்றத்திலோ கொதித்து நிற்கிற காரின் மூடியை உடனே திறக்கவே கூடாது என்று ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள்.

வொக்ஸ்வேகனுக்குத் தண்ணீர் இல்லை, அதனால் கவலை இல்லை என்பார்கள். அதில் டைனமோவைச் சுற்றும் பெல்ட்தான் குளிரூட்டும் ஃபேனையும் சுற்றுகிறது. சிவப்பு லைட் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்படியே ஓட்டினால் எஞ்சின் போச்சு. உரிமையாளரிடம் ஒரு பெல்ட்டைக் கொடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாத புகார்தான் அதிகம். எங்கே தொடங்குவது?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில். இலங்கையிலேயே மழை அதிகம் விழும் இடங்களில் வட்டவளை ஒன்று. மே தொடங்கி செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் எதுவுமே காய்வதில்லை. மூடியின் உட்புறம் ஈரம் படிந்து, மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே ஓடி, பென்சில் கோடு போல ஒரு கறுப்புக் கீறல் விழும். அந்தக் கீறல் விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு பொனெட்டைத் திறந்து பார்த்தால் வயர்களில் நீல நிறப் பொறி பாய்வது கண்ணுக்கே தெரியும். மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிறில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது, மழை நேராக அதில்தான் அடிக்கும். ரப்பர் உறை ஒன்று போடாமல் மழைக்காலத்துக்கு அனுப்பாதீர்கள்.

பேட்டரி விஷயம்: 1960-களின் கடைசி வரை வந்த மொரிஸ், ஒஸ்டின் வண்டிகளில் பேட்டரியின் பொசிட்டிவ்தான் பொடிக்கு, அதாவது காரின் உடம்புத் தகட்டுக்கு, போகும். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவைப் பொடிக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வேனில் இருந்து ஜம்ப் கொடுக்கும்போது பொசிட்டிவுக்குப் பொசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று பேட்டரி முனைகளிலேயே கொடுங்கள். இரண்டு வண்டியின் பம்பரும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் நேரடி ஷோர்ட். சிலர் ஏற்கெனவே மாற்றி வயரிங் செய்திருப்பார்கள், ஆகவே கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

எஞ்சினை முதலில் பார்ப்பதா, பிரேக்கை முதலில் பார்ப்பதா?

பிரேக். எப்போதும் பிரேக். எஞ்சின் ஓடாத கார் யாரையும் கொல்லாது. உரிமையாளருக்கு எஞ்சின் சத்தம் கேட்க ஆசை, அது நியாயம்தான். ஆனால் ஸ்டார்ட் ஆன காரை ஒருவர் கட்டாயம் ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்ப்பார். மலைநாட்டில் அந்த ஒரு ரவுண்ட் இறக்கத்தில்தான் இருக்கும்.

இந்தக் கார்களில் பிரேக்குக்கு ஒரே ஒரு ஒயில் பாதைதான். இன்றைய கார்களில் ஒரு பாதை உடைந்தாலும் மற்றது பிடிக்கும், இவற்றில் ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சில்லிலும் பிரேக் இல்லை. ஆகவே நான் செய்வது இப்படி. பெடலை ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடிப்பேன். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கும், அல்லது எங்கேயோ கசிகிறது. மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி மூடியைத் திறந்து பார்க்கவே பலர் மறந்துபோயிருப்பார்கள். பிறகு ஒவ்வொரு சில்லாகக் கழற்றி, டிரம்மை எடுத்து, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பார்ப்பேன். உள்ளே ஈரம் இருந்தால் விவாதமே வேண்டாம், மாற்ற வேண்டும். டயரின் உட்பக்கம் ஈரக் கோடு ஓடியிருந்தால் கழற்றும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். சில்லுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். வயது தெரியாத ஹோஸை நான் விட்டுவைப்பதில்லை.

பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். புது டொட் 3 ஒயில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறியது 140 பாகை வரை இறங்கிவிடும். டொட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. தொடர்ந்து பிரேக் மிதித்துக்கொண்டு ரம்பொடையில் இறங்கும்போது டிரம் சூடாகி, அந்த ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது ஒயிலை முழுக்க மாற்றுங்கள். பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில், அதாவது நம் வலதுகை ஓட்டு வண்டிகளில் பின் இடது சில்லில் தொடங்குங்கள். எஞ்சின் ஒயில், கிரீஸ் எதையும் பிரேக் ரப்பரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஊதிப்போகும்.

பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். நாங்கள் எல்லாம் இளமையில் ஊதிப் பழகியவர்கள், இப்போதாவது நிறுத்த வேண்டும்.

காரைத் திரும்பக் கொடுக்கும்போது ஓட்டுகிறவருக்கும் ஒரு பாடம் சொல்லுங்கள்: எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். மைனரின் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (ஓடும்போதே கியர் இலகுவாக விழ உதவும் அமைப்பு) கிடையாது, ஓடும்போது சுலபத்தில் விழாது. ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும். ஹப்புத்தளையில் இருந்து பெரகலைக்கு இறங்கிப் பழகியவர்களுக்கு இது தெரியும். டவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மொரிஸ் மைனரில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

முன் சில்லைத் தாங்கும் கீழ் டிரனியன். திருகு மரை போட்ட துண்டு அது, காரின் முன்பாரம் அதில்தான் நிற்கிறது. கிரீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு அப்படியே மடங்கி விழும். கிரீஸ் நிப்பிளில் புது கிரீஸ் ஏறி, பழையது கறுப்பாக வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளாவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடித்தால் அது உங்களைவிட நீண்டகாலம் இருக்கும். அப்புறம் அடித்தகட்டின் துருவைப் பாருங்கள். மரச்சட்டம் வைத்த டிரவலர் என்றால் மரத்தின் மூலைகளில் கட்டை விரலால் அழுத்துங்கள், நம் ஊர் ஈரத்தில் உள்ளேயே உளுத்திருக்கும்.

லேண்ட் ரோவரின் பொடி அலுமினியம், துருப்பிடிக்காது. அதை நம்பி அடியில் குனியாமல் விடக் கூடாது. அடிச்சட்டமான செசி இரும்புதான்.

பல வருடம் ஷெட்டில் நின்ற காரை எப்படி ஓடவைப்பது?

சாவியைத் திருப்பாதீர்கள், அதுதான் முதல் விதி. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு இரவு விடுங்கள். டேங்க்கில் இருக்கும் பழைய பெற்றோலை இறக்குங்கள். வார்னிஷ் நாற்றம் அடித்தால் காபரேட்டர், பம்ப் எல்லாம் கழுவ வேண்டும். எலி வயரைக் கடித்திருக்கிறதா, ஏர் கிளீனருக்குள் கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் ஒயில் மாற்றி, பிளக் இல்லாமலேயே எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் நல்லது. இறுகி நின்றால் பலவந்தம் வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று நாள் ஒயிலோடு விடுங்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டாவுக்கு அஞ்சி நிறுத்திவைத்த கார்கள் சில இன்னும் என்னிடம் இப்படித்தான் வருகின்றன.

பிளக் போட்டு ஹேண்டிலால் ஸ்டார்ட் பண்ணும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழே இருந்து மேலே இழுங்கள், அமுக்காதீர்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல் உடையும்.

பெற்றோல் எது போடுவது?

பெரும்பாலானவற்றுக்கு 92 ஒக்டேன் போதும். ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டுப் பல வருடமாகிறது. அதை நம்பிச் செய்த சிலிண்டர் ஹெட்களில் வால்வு சீட் மெல்ல உள்வாங்கும், டெப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே போவது அதற்கு அடையாளம். எப்போதாவது ஹெட்டை இறக்கினால் அப்போது கடின சீட் போடச் சொல்லுங்கள். அதற்காகவே இறக்க வேண்டியதில்லை.

உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

கொழும்பு பஞ்சிகாவத்தை இன்றைக்கும் முதல் இடம். மைனருக்கான தகடுப் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு, ஆகவே மைனருக்குத் தட்டுப்பாடு குறைவு. பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஃபோனில் சொல்லி வாங்கினால் 948 சிசி எஞ்சினுக்கு 1098 சிசி பாகம் வந்துசேரும். ரப்பர் சாமான்களில் மட்டும் பழைய ஸ்டொக் வேண்டாம். பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் உள்ளே ரப்பர் கிழடாகியிருக்கும்.

கூலியை எப்படிக் கேட்பது?

மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: போய்வரும் செலவு, வேலைக் கூலி, சாமான். சாமானுக்குக் கடை பில்லை அப்படியே கொடுங்கள். போய்வரும் செலவை வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் தர வேண்டும் என்று ஃபோனிலேயே பேசிவிடுங்கள். நம் ஆட்கள் காசு கேட்கக் கூச்சப்படுவார்கள். டீ கொடுத்து, சாப்பாடு கொடுத்து, "அண்ணே பார்த்துப் போட்டுக்குங்க" என்று சொன்னால் பாதியைக் குறைத்துவிடுவோம். அந்தக் கார் சும்மா நின்றது, உங்கள் கைதான் அதை ஓடவைத்தது. குறைக்க வேண்டாம். லயத்தில் இருந்து ஒருவர் தன் ஆட்டோவைக் காட்டினால் அது வேறு, அதைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பதிவு, சான்றிதழ் எல்லாம் தேவையா?

தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்ய வேண்டும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு போனால் வேலை சுலபம். பேப்பர் இல்லாமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. முன்அனுபவத்தை மதிப்பிட்டுக் கொடுப்பார்கள், நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். ஹோட்டல்களும் கம்பெனிகளும் அதைக் கேட்கும்.

ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆண்கள் 55, பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அதை எடுத்து வேன் வாங்காதீர்கள். கையில் இருக்கும் சாமானோடு, பஸ்ஸில் போய்க்கூட, ஆறு மாதம் செய்து பாருங்கள். கூப்பிடும் ஆட்கள் நிலைத்தால் அப்போது வாங்கலாம்.

சாய்வான முற்றத்தில் தனியாக வேலை செய்யலாமா?

சாய்வில் காரைத் தூக்கவே கூடாது. கயிறு கட்டி இழுத்தாவது மட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் தூக்காமல் செய்யக்கூடிய வேலையை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். மட்டமான இடத்திலும் தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஜேக் ஸ்டேன்டுக்கு அடியில் பலகை. மழை குடித்த மண்ணில் ஸ்டேன்ட் சத்தமில்லாமல் புதையும். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். நீங்கள் அடியில் இருக்கும் நேரம் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், வீட்டுக்காரரே ஆனாலும் சரி.

உடம்பு ஒத்துழைக்குமா? எந்த வேலையை வேண்டாம் என்பது?

முழங்காலும் இடுப்பும்தான் முதலில் பேசும். கியர்பொக்ஸ் இறக்குவது, எஞ்சின் தூக்குவது, ஸ்பிரிங் பட்டை மாற்றுவது எல்லாம் நான் எடுப்பதில்லை, நம்பிக்கையான கராஜுக்குச் சொல்லி அனுப்புவேன். டிங்கர் வேலையும் பெயின்ட்டும் வேறு கைவேலை, அதற்குரியவரிடம் விடுங்கள். சீனி, பிரெஷர் மருந்து எடுக்கிறவர்கள் வேனில் சாப்பாடும் மருந்தும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை மும்முரத்தில் மதியம் மூன்று மணி ஆவது தெரியாது.

உரிமையாளர் பிரேக் வேலைக்குச் செலவு செய்ய மறுத்து எஞ்சினை மட்டும் திருத்தச் சொன்னால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

ஏப்ரல் சீசனில் கூடுதல் வேலை வருமா?

வரும். நுவரெலியா சீசனில் பழைய கார்கள் நிறைய மலையேறும். மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934-இல் தொடங்கியது, கார்ப் பிரியர்கள் அதை விடமாட்டார்கள். அந்த நாட்களில் நானுஓயா, நுவரெலியா ரோடுகள் நெருக்கமாக இருக்கும், அதனால் ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூட ஒரு பையனை வைத்துக்கொள்ளலாமா?

கட்டாயம் வையுங்கள், சம்பளம் கொடுத்து வையுங்கள். ஸ்கேனர் பிடித்துப் பழகிய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் பொயின்ட் இடைவெளி வைப்பதை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. என்னோடு வரும் தம்பி முதலில் ஃபீலர் கேஜை இடைவெளியில் திணிக்கப் பார்த்தான். தகடு லேசாக உரசிக்கொண்டு வழுக்க வேண்டும், அந்த உரசலைக் கை உணர வேண்டும் என்று அவன் விரலைப் பிடித்துக் காட்டினேன். இப்போது கேஜ் இல்லாமலே கண்ணால் பார்த்துக் கிட்டத்தட்டச் சொல்கிறான், பிறகு கேஜ் போட்டு உறுதி செய்கிறான். அவன் கையால் டியூன் பண்ணிய கார் முதல் சுற்றிலேயே பிடிக்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் பெரிது.

இரவில், மூட்டத்தில் ஒருவர் ரோட்டில் நின்று கூப்பிட்டால் போக வேண்டுமா?

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வரும் அழைப்புக்கு நான் உடனே புறப்படுவதில்லை. முதலில் ஃபோனில் பாதுகாப்பைச் சொல்வேன்: காரை வளைவில் இருந்து தள்ளி மலைப்பக்கமாக ஒதுக்குங்கள், சில்லுக்குக் கல் வையுங்கள், எல்லாரும் காருக்கு வெளியே ரோட்டைவிட்டு விலகி நில்லுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய டோர்ச் அடியுங்கள். பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்தில் யாராவது உதவிக்கு வருவார்கள், இரவுக்குக் காரை ஃபெக்டரி முற்றத்தில் விட இடம் கொடுப்பார்கள். நான் விடிந்ததும் போவேன். சின்னப் பிள்ளைகளோ நோயாளியோ கூட இருந்தால், காருக்காக இல்லை, ஆட்களை ஏற்றிவர உடனே யாரையாவது அனுப்பிவைப்பேன். அதற்காக இரவில் ஓடும் இரண்டு மூன்று வேன்காரர்களின் நம்பரை உங்கள் ஃபோனில் முதலிலேயே போட்டு வையுங்கள்.